பழைய தொடர்பு ஒலிவாங்கிகளும் வீட்டு ஒலிப்பதிவும்

பேச்சை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் புரியும்படி அனுப்புவதற்காக மட்டுமே செய்யப்பட்ட ஒலிவாங்கி (மைக்) தொடர்பு ஒலிவாங்கி எனப்படும். தொலைபேசியின் கைப்பிடிக்குள் இருப்பது, போர் விமானியின் முகமூடியில் பொருத்தப்பட்டது, கட்டுப்பாட்டு அறையின் மேசையில் நின்றது, அமெச்சூர் வானொலியாளர் கையில் பிடித்துப் பேசியது ஆகிய எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. பாட்டையோ வாத்தியத்தையோ பதிவு செய்வது இவற்றின் வேலை அல்ல. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இசைக்கலைஞர்களும், பின்னர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வோரும், கழித்துக்கட்டப்பட்ட இந்தக் கருவிகளைத் தேடி எடுத்து மாற்றியமைத்துப் பயன்படுத்தி வருகின்றனர்.

இவற்றின் மெலிந்த, கரகரத்த ஒலியைக் கேட்பவர்கள் அது பழமையால் வந்த பழுது என்று நினைப்பதுண்டு. உண்மை அதுவன்று. அந்தக் கருவிகள் புதிதாக இருந்தபோதும் ஏறத்தாழ அப்படித்தான் ஒலித்தன. எந்த ஒலியைக் கடத்துவது, எதை விட்டுவிடுவது என்று பொறியாளர்கள் எடுத்த முடிவு அந்த ஒலியில் பதிந்திருக்கிறது. ஆகவே ஒரு பழைய தொடர்பு ஒலிவாங்கியைத் திறந்து மாற்றுபவர் ஒரு வரலாற்று ஆவணத்தில் கை வைக்கிறார். அந்த ஆவணம் எவ்வாறு உருவானது, அதை எந்த அளவுக்கு மாற்றலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கரித்துகள் ஒலிவாங்கியின் தோற்றம்

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசியில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே வகையான காந்தக் கருவிதான் இருந்தது. குரலின் ஆற்றலே மின்னோட்டமாக மாறியதால் கம்பியின் மறுமுனையில் ஒலி மிகவும் நலிந்து கேட்டது. இந்தக் குறையைத் தீர்த்தது கரி. எமில் பெர்லினரும் தாமஸ் எடிசனும் 1877இல் தனித்தனியே இந்த வழியில் முயன்றனர். டேவிட் ஹியூஸ் 1878இல் தளர்வான தொடுகைகளின் மின்தடை ஒலியால் மாறுவதைச் செயல்விளக்கமாகக் காட்டினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பாதிரியார் ஹென்றி ஹன்னிங்ஸ், திடக்கரிக்குப் பதிலாகக் கரித்துகள்களைப் பயன்படுத்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஒரு நூற்றாண்டுக்குத் தொலைபேசிகள் பெரும்பாலும் இந்த அமைப்பின் வழிவந்தவற்றையே கொண்டிருந்தன.

இதன் இயக்கம் எளியது. ஒரு சிறிய கிண்ணத்தில் கரித்துகள்கள் நிரப்பப்பட்டிருக்கும். அதன் வாயை ஒரு மெல்லிய அதிர்தகடு மூடியிருக்கும். குரல் தகட்டை அழுத்தும்போது துகள்கள் நெருங்கி மின்தடை குறையும். தகடு பின்வாங்கும்போது மின்தடை கூடும். மின்கலத்திலிருந்து துகள்கள் வழியாகப் பாயும் மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கும். இங்கே குரல் மின்னோட்டத்தை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனவே உள்ளே வந்த ஒலியாற்றலைவிடப் பல மடங்கு மின்னாற்றல் வெளியே கிடைக்கும். வெற்றிடக் குழாய்ப் பெருக்கி (வால்வு) வருவதற்கு முந்தைய காலத்தில் இது பெரும் வரமாக இருந்தது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. துகள்களின் இடையே மின்னோட்டம் பாயும்போது ஓயாத இரைச்சல் எழும். அழுத்தமும் மின்தடையும் நேர்விகிதத்தில் மாறாததால் குரல் உருக்குலையும். நாள்பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒலி மங்கிவிடும். கைப்பிடியை இலேசாகத் தட்டிவிட்டுப் பேசும் பழக்கத்துக்குக் காரணம் இதுவே. தட்டும்போது துகள்கள் தளர்ந்து மீண்டும் வேலை செய்யும்.

புரிதலும் ஒத்திருத்தலும்

ஒலிப்பதிவுக்கான நல்ல ஒலிவாங்கியும் தொலைபேசி ஆராய்ச்சியில் பிறந்ததுதான். எட்வர்ட் வெண்டே 1916இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் மின்தேக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். 1925இல் விக்டர், கொலம்பியா நிறுவனங்கள் மின்முறை இசைத்தட்டுப் பதிவைத் தொடங்கியபோது பயன்பட்ட முறையும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையே. தொடக்க கால வானொலி நிலையங்களோ கரி ஒலிவாங்கிகளைக் கொண்டே நடந்தன. 1920களின் புகைப்படங்களில் வளையத்துக்கு நடுவே சுருள்வில்களால் தொங்கவிடப்பட்ட ஒலிவாங்கிகளைக் காணலாம். துகள்களை அதிர்ச்சியிலிருந்து காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஜெர்மனியில் ஓய்கன் ரைஸிடம் பணியாற்றிய கியோர்க் நாய்மன் 1928இல் தனி நிறுவனம் தொடங்கி மின்தேக்கி ஒலிவாங்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இதன்பின் ஒலிவாங்கிகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்தன. ஒன்றின் நோக்கம் மூல ஒலியை இயன்றவரை ஒத்திருப்பது. மற்றொன்றின் நோக்கம் சொன்ன சொல் புரிவது. பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சரும் அவருடைய குழுவினரும் பொருளற்ற அசைகளைக் கம்பி வழியாகச் சொல்லச் செய்து, கேட்பவர்கள் எத்தனையைச் சரியாக எழுதுகிறார்கள் என்று எண்ணினர். எந்த அதிர்வெண்களை நீக்கினால் எத்தனை அசைகள் பிழையாகின்றன என்பது இவ்வாறு தெரியவந்தது. பேச்சு புரிவதற்கு அதன் முழு அகலமும் தேவையில்லை என்பதே முடிவு. தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்ற வரையறை பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது. எண்முறைத் தொலைபேசியில் குரல் நொடிக்கு 8000 முறை மாதிரி எடுக்கப்படுவதும் இதே வரையறையை ஒட்டித்தான்.

வயதுவந்த ஆணின் குரலின் அடிப்படை அதிர்வெண் பொதுவாக 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்ணின் குரலினது 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். இரண்டும் 300க்குக் கீழே உள்ளவை. ஆகவே தொலைபேசி நம் குரலின் அடித்தளத்தையே விட்டுவிடுகிறது. மேலே உள்ள அடுக்குகளை வைத்து நம் செவியும் மூளையும் அதை மீண்டும் கட்டிக்கொள்கின்றன. மேல் முனையிலும் இழப்பு உண்டு. ‘ஸ’ ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் தொலைபேசியில் ‘எஃப்’பா ‘எஸ்’ஸா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய தொடர்பு ஒலிவாங்கியில் பாடினால் பாட்டு எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. நமக்குத் தொலைவை உணர்த்துவது இந்த வெட்டப்பட்ட ஒலிதான்.

போரும் உபரிச் சந்தையும்

இரண்டாம் உலகப் போர் தொடர்பு ஒலிவாங்கியைப் பேரளவில் பெருக்கியது. பீரங்கி வண்டியிலும் விமானத்திலும் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கட்டளை புரிய வேண்டும்; புரியாவிட்டால் உயிர் போகும். அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் செய்த டி-17பி என்ற கைப்பிடி ஒலிவாங்கி அந்நாட்டுப் படைகளில் மிகப் பரவலாகப் பயன்பட்டது. கழுத்தில் அணிந்து குரல்வளையின் அதிர்வை நேரடியாக எடுக்கும் தொண்டை ஒலிவாங்கிகள், உயிர்வளி முகமூடிக்குள் பொருத்தும் ஒலிவாங்கிகள் ஆகியவற்றையும் அந்நிறுவனம் செய்தது.

போர் முடிந்ததும் தேவைக்கு மிஞ்சிய படைக்கருவிகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. அவற்றை முதலில் வாங்கியவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். பிறகு பொழுதுபோக்கு மின்னணுவியலாளர்களின் கைக்கு அவை சென்றன. டி-17இன் செருகி சாதாரண ஒலிக்கருவிகளின் கால் அங்குலச் செருகியைவிடச் சற்று மெல்லியது. மூன்று தொடுகைகள் கொண்டது. அவற்றில் ஒன்று பேசும் பொத்தானுக்கு உரியது. பொத்தானை அழுத்தினால் மட்டுமே வானொலிப் பெட்டி ஒலிபரப்பு நிலைக்கு மாறும். இந்தச் செருகியும் பொத்தானும் மின்கலத் தேவையும்தான் பழைய கருவியை வீட்டில் பயன்படுத்த நினைப்பவர் எதிர்கொள்ளும் முதல் தடைகள்.

கரி ஒலிவாங்கி வழக்கொழிந்த பிறகும் அதன் தடம் அழியவில்லை. பொது விமானப் போக்குவரத்தில் பயன்படும் பல தலையணிகளில் இன்று இருப்பது வேறு வகை ஒலிவாங்கி. ஆனால் விமான வானொலிகள் பழைய கரி ஒலிவாங்கிக்கு வேண்டிய மின்னழுத்தத்தையே இன்னமும் தருவதால், புதிய ஒலிவாங்கிகள் ஒரு சிறு பெருக்கியைச் சுமந்துகொண்டு கரி ஒலிவாங்கி போல நடந்துகொள்கின்றன.

சிகாகோவின் மவுத் ஆர்கன்

குறையைக் குணமாகக் கண்டவர்களில் முன்னோடிகள் சிகாகோ நகரின் புளூஸ் கலைஞர்கள். மின்கித்தாரும் டிரம்மும் முழங்கும் கூடத்தில் மவுத் ஆர்கன் காதில் விழாது. ஆகவே கலைஞர்கள் மலிவான சிறு ஒலிவாங்கியை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, அதைக் கித்தார்ப் பெருக்கியிலோ பொது ஒலிபெருக்கியிலோ இணைத்து வாசித்தனர். கை பொத்தியதால் ஒலிவாங்கிக்குள் அழுத்தம் மிகுந்தது. பெருக்கியின் வால்வுகள் தம் எல்லையைத் தாண்டின. மெல்லிய நாக்குகளின் கீச்சொலி சாக்சபோனின் கனம் பெற்றது. லிட்டில் வால்டர் 1952 மே மாதம் பதிவு செய்த ‘ஜூக்’ என்ற வாத்திய இசைத்தட்டு அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் முதலிடம் பெற்றது. அதன்பின் இந்த ஒலி ஒரு மரபானது.

இந்த மரபில் புகழ்பெற்ற ஒலிவாங்கிகள் எவையும் மவுத் ஆர்கனுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அஸ்டாட்டிக் நிறுவனத்தின் ஜேடி-30 படிக ஒலிவாங்கி பொது ஒலிபெருக்கிக்கும் வானொலியாளருக்கும் உரியது. ஷூர் நிறுவனம் 1949இல் வெளியிட்ட 520, பச்சை நிறத்தாலும் தோட்டா வடிவத்தாலும் ‘பச்சைத் தோட்டா’ என்று பெயர் பெற்றது. அதுவும் தகவல் தொடர்புக்குச் செய்யப்பட்டதே. கலைஞர்கள் அதை எடுத்துக்கொண்ட பிறகு, நிறுவனமே ஒலியளவுத் திருகு பொருத்திய 520டிஎக்ஸ் என்ற வடிவத்தை மவுத் ஆர்கன் கலைஞர்களுக்காக விற்கலாயிற்று.

உரையாடும் ஒலிவாங்கியில் பிறந்த டிரம் ஒலி

பெரிய ஒலிப்பதிவுக் கூடத்திலும் இத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு. 1979இல் லண்டன் டவுன் ஹவுஸ் கூடத்தில் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனித்தொகுப்புக்கான பதிவு நடந்தது. பதிவுப் பொறியாளர் ஹியூ பேட்ஜம். டிரம் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். கூடத்தில் இருக்கும் கலைஞர் பேசுவதைக் கட்டுப்பாட்டு அறையில் கேட்பதற்காக மேலே ஒரு ஒலிவாங்கி தொங்கியது. தொலைவில் மெல்லப் பேசினாலும் கேட்க வேண்டும் என்பதற்காக அதன் ஒலி மிகக் கடுமையாக அமுக்கப்பட்டிருந்தது. காலின்ஸ் டிரம் வாசித்தபோது அந்த வழி திறந்திருக்க, எதிர்பாராத பேரொலி கேட்டது. அந்த வழி பதிவுக்குரியது அன்று என்பதால் இணைப்பை மாற்றியமைத்துத்தான் அதைப் பதிவு செய்ய முடிந்தது. 1980களின் பாப் இசை முழுவதும் பரவிய டிரம் ஒலியின் தொடக்கம் இதுவே.

1979இல் டீயாக் நிறுவனம் ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டுடியோ 144ஐ வெளியிட்டது. கூடத்துக்குப் பணம் கட்ட இயலாதவரும் வீட்டிலேயே பல தடப் பதிவு செய்யத் தொடங்கினர். விலை மலிவும் தனித்த ஒலியும் சேர்ந்ததால் கழித்துக்கட்டப்பட்ட தொடர்பு ஒலிவாங்கி இவர்களுக்கு ஏற்றதாக அமைந்தது.

மாற்றியமைக்கும் முறைகள்

கையில் கிடைத்த ஒலிவாங்கியின் உள்ளே எந்த வகை உறுப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தே செய்ய வேண்டியது அமையும்.

கரி வகைக்கு மின்கலம் தேவை. 9 வோல்ட் மின்கலம், ஏறத்தாழ 1000 ஓம் மின்தடை, ஒலிவாங்கி ஆகிய மூன்றையும் ஒரு சுற்றாக இணைக்க வேண்டும். மின்தடையும் ஒலிவாங்கியும் சேரும் புள்ளியிலிருந்து 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக ஒலியை எடுத்தால் நேர்மின்னோட்டம் தடுக்கப்பட்டுக் குரல் மட்டும் வெளிவரும். அதை 600 ஓம் சிறு மின்மாற்றி வழியாகப் பதிவுக்கருவிக்குக் கொடுப்பது நல்லது. பழைய மோடம்களில் இத்தகைய மின்மாற்றி கிடைக்கும். கரி ஒலிவாங்கியின் வெளியீடு வலிமையானது. மைக் உள்ளீட்டில் ஒலி உடைந்தால் லைன் உள்ளீட்டில் கொடுத்துப் பார்க்கலாம். பதிவுக்கருவியின் 48 வோல்ட் பேன்டம் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். அது மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்கு உரியது.

படிக வகையில் ரோஷெல் உப்பு என்ற பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட் படிகம் இருக்கும். வளையும்போது மின்னழுத்தம் தருவது இதன் இயல்பு. இதற்கு மின்கலம் வேண்டாம். ஆனால் உள்ளீட்டின் மின்மறுப்பு மிக உயர்வாக இருக்க வேண்டும். படிகம் ஒரு சிறு மின்தேக்கி போல நடந்துகொள்வதே காரணம். அதன் மின்தேக்குதிறன் 2 நானோஃபாரட் என்று கொண்டால், 2000 ஓம் மைக் உள்ளீட்டில் ஏறத்தாழ 40,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள எல்லாம் நலிந்துவிடும். அதாவது காதுக்குக் கேட்கும் ஒலி முழுவதும் வலுவிழக்கும். அதே படிகத்தை 10 இலட்சம் ஓம் கொண்ட கித்தார் உள்ளீட்டில் இணைத்தால் அந்த எல்லை 80 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ‘செத்துவிட்டது’ என்று தூக்கியெறியப்படும் படிக ஒலிவாங்கிகளுள் சில தவறான உள்ளீட்டில் சோதிக்கப்பட்டவையாக இருக்கக்கூடும்.

காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை மிக எளியது. கம்பியை மாற்றினாலே பெரும்பாலும் போதும். தொலைபேசியின் காதுப்பக்க உறுப்பும் இந்த வகையே. பெல்லின் முதல் தொலைபேசியைப் போல அதைத் திருப்பி ஒலிவாங்கியாகவும் பயன்படுத்தலாம், மின்கலம் தேவையில்லை.

இரைச்சல் நீக்கும் ஒலிவாங்கிகளில் முன்னும் பின்னும் துளைகள் இருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒலி இருபுறமும் சமமாகத் தாக்கி அடங்கிவிடும். உதட்டை ஒட்டி வைத்தால்தான் குரல் பதியும். இவற்றை வாத்தியத்துக்கு முன் ஓரடி தள்ளி வைத்துவிட்டு ஒலி வரவில்லை என்று சொல்வது பொருந்தாது.

தமிழ்நாட்டில் கிடைப்பவை

1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் சுழல்தகட்டுத் தொலைபேசிகள் பழைய பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. கைப்பிடியின் வாய்ப்பக்க மூடியைத் திருகித் திறந்தால் வட்ட வடிவக் கரி உறுப்பைக் காணலாம். டிரங்கால் போட்டு உரக்கக் கத்திப் பேசிய தலைமுறையின் குரல்கள் இத்தகைய உறுப்புகள் வழியாகத்தான் சென்றன.

நம் தட்பவெப்பம் கரியைவிடப் படிகத்துக்கு ஊறு செய்யும். ரோஷெல் உப்பு ஏறத்தாழ 55 பாகை செல்சியஸில் சிதைந்துவிடும். மிகுந்த ஈரப்பதத்தில் கரையத் தொடங்கும். கடலோர ஊர்களில் படிக ஒலிவாங்கியை மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது.

எதை மாற்றலாம், எதை விடலாம்

இத்தகைய கருவிகளை மாற்றுவோர் பரவலாகச் செய்வது, உள்ளுறுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளிக்கூட்டுக்குள் புதிய எலெக்ட்ரெட் உறுப்பு ஒன்றைப் பொருத்துவதாகும். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய இந்த வகை மலிவானது, தெளிவானது. ஆனால் அப்படிச் செய்தபின் எஞ்சுவது பழைய ஒலிவாங்கியின் தோற்றம் மட்டுமே. பார்க்க 1943; கேட்க இன்றைய கைப்பேசி.

மெலிந்த ஒலி மட்டும் வேண்டுமெனில் கணினி மென்பொருளில் 300க்குக் கீழும் 3400க்கு மேலும் வெட்டினால் போதும். அதற்காக ஒரு கருவியைச் சிதைக்க வேண்டியதில்லை. அந்த வெட்டினால் மட்டும் கிடைக்காத சில, உயிருள்ள கரி உறுப்பில் உண்டு. குரல் ஓங்கும்போது துகள்கள் தரும் உருக்குலைவு, அசைக்கும்போது மாறும் இரைச்சல், ஒவ்வொரு தகட்டுக்கும் தனியாக அமைந்த ஒத்ததிர்வு ஆகியவை அந்தந்தப் பொருளுக்கே உரியவை. உறுப்பு வீசப்பட்டால் அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. கரி உறுப்புகள் இன்று பரவலாகச் செய்யப்படுவதும் இல்லை.

ஆகவே உறுப்பு வேலை செய்கிறதா என்று முதலில் சோதிப்பது முறை. இறுகிய துகள்கள் இலேசாகத் தட்டினாலே தளரக்கூடும். வேலை செய்தால் மின்கலம், மின்தடை, மின்மாற்றி ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் அமைத்து, ஒலிவாங்கியைத் தொடாமல் வெளியிலிருந்தே இணைக்கலாம். பழைய செருகியை வெட்டாமல் அதற்கேற்ற துளைச்செருகியை அந்தப் பெட்டியில் பொருத்தலாம். பேசும் பொத்தானை உள்ளே பற்றவைத்து மூடுவதற்குப் பதில் அழுத்திய நிலையில் ஒரு பட்டையால் கட்டிவைக்கலாம். உறுப்பு முற்றிலும் செத்திருந்தால் புதியதைப் பொருத்துவதில் தவறில்லை. பழையதைப் பெயர் எழுதி உறையிலிட்டு அதே பெட்டியில் வைத்துவிட வேண்டும். திறக்கும் முன் படம் எடுத்துக்கொள்வதும், மாற்றும் முன் அதன் ஒலியை ஒரு முறை அப்படியே பதிவு செய்துகொள்வதும் பின்னால் வருவோருக்கு உதவும். பழைய பேக்கலைட் வார்ப்புகள் சிலவற்றில் கல்நார் கலந்திருப்பதால் கூட்டைத் துளையிடுவதையும் உரசுவதையும் தவிர்ப்பது உடலுக்கும் நல்லது.

அருங்காட்சியகங்களில் இத்தகைய ஒலிவாங்கிகள் கண்ணாடிக்குப் பின்னால் பேசாமல் இருக்கின்றன. அவற்றின் வழியாக ஒரு குரல் எப்படிக் கேட்டது என்பதை அங்கே அறிய முடியாது. உறுப்பைச் சிதைக்காமல் மின்கலம் கொடுத்து, வீட்டில் ஒருவர் அதில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தால், 1943இல் பீரங்கி வண்டிக்குள் இருந்தவர் கேட்ட ஒலியின் சாயலையாவது இன்று கேட்க முடிகிறது.